திரையில் வைத்த வளையல்

இது என் கண்ணின் கோளாறு இல்லை. என் கண்ணை எனக்குத் தெரியாதா? யாரோ என்னவோ செய்கிறார்கள்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கணவர் சிரிப்பார். சிரித்துவிட்டு வழக்கத்தைவிட அன்பாகப் பேசுவார். அந்த அன்பு மூன்று வாரமாக அவளுக்குத் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை.

மருந்து லேபிள்கள் அச்சடிக்கும் நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை பார்ப்பவள் அவள். எந்த லேபிளும் அவள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர். அங்கே தரையைப் பெயர்த்துப் போட்டிருப்பதால், ஒன்றரை மாதமாகச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், அலுவலகம் கொடுத்த லாப்டாப்பில் வேலை.

ஒரு காலையில் திறந்தபோது எழுத்தெல்லாம் பெரிதாகியிருந்தது. தானாக ஏதோ அப்டேட் ஆகியிருக்கும், நல்லதுதான் என்று விட்டுவிட்டாள். ஆனால் பெரிதான எழுத்துகள் ஈரத்தாளில் எழுதியவை மாதிரி ஓரமெல்லாம் கசிந்திருந்தன. மாலைக்குள் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். போன வாரம் 2.5 என்று இருக்க வேண்டிய அளவு 25 என்று இருந்ததை அவள் பார்த்தும் விட்டுவிட்டாள். புள்ளி அந்த மங்கலுக்குள் எங்கோ இருக்கிறது என்று கண் தானாக நம்பிக்கொண்டது. இரண்டாவதாகப் பார்க்கும் பெண் பிடித்திருக்காவிட்டால் பத்து மடங்கு அளவோடு அது அச்சுக்குப் போயிருக்கும்.

அந்தப் பெண்ணை எல்லோரும் 'பொடிசு' என்று கூப்பிடுவார்கள். ஃபான்ட் ஏற்றித் தருகிறேன் என்று இவள் லாப்டாப்பைப் போன மாதம் ஒருநாள் முழுக்க வைத்திருந்தவள். அலுவலகம் திறந்ததும் பிரிவுக்குத் தலைமை ஏற்கச் சம்மதமா என்று மேலாளர் இவளைத்தான் கேட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும். இவள் மாட்டேன் என்றால் அந்த நாற்காலி பொடிசுக்கு. பொடிசைச் சந்தேகிக்கக் கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருந்ததே அவளை மேலும் அரித்தது.

கணவர் அவளைக் கண் டாக்டரிடமும் கூட்டிப் போனார். "பவர் அப்படியேதான் இருக்கு, கண்ணுல ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். படியிறங்கும்போது கணவர் சொன்னார்: "அவருக்கென்ன, அஞ்சு நிமிஷம் பாத்துட்டுச் சொல்லிட்டாரு. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல?" போகிற வழியில் அவரே ஒரு சொட்டு மருந்து வாங்கினார். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அவள் தலையைப் பின்னால் சாய்த்து, இமையை விரித்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் விடுவார்.

இன்று ஞாயிறு. அவர் உள்ளே மதியத் தூக்கத்தில் இருந்தார். மிச்சமிருந்தவற்றில் ஒரு இருமல் மருந்து லேபிளை அவள் திறந்தாள். அதன் மூலையில் கம்பெனியின் வட்ட முத்திரை. அது வட்டமாக இல்லை. உண்டுவிட்டுப் படுத்தவர் வயிறு மாதிரி பக்கவாட்டில் அகன்றிருந்தது.

கையிலிருந்த வளையலைக் கழற்றித் திரையில் வைத்தாள். முத்திரையை வளையல் அளவுக்குப் பெரிதாக்கினாள். மேலும் கீழும் பொருந்தியது. இடமும் வலமும் வெளியே பிதுங்கியது. வளையல்தான் நெளிந்திருக்கிறதோ என்று திருப்பி வைத்தாள். அப்படியும் பிதுங்கியது.

பொடிசுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, என் லாப்டாப்ல ஃபான்ட் தவிர வேற ஏதாவது தொட்டியா?"

"ஐயோ அக்கா, உங்க லாப்டாப்பத் தொட்டுட்டு நான் உயிரோட இருக்க முடியுமா? என்னாச்சு?"

"வட்டமெல்லாம் சப்பையாத் தெரியுது."

"ரெசல்யூஷன் மாறியிருக்கும்க்கா, அதான் திரையோட புள்ளிக் கணக்கு. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெக்கமெண்டட்னு ஒண்ணு இருக்கும், அதுலதான் எழுத்து கூர்மையா இருக்கும். பெருசா வேணும்னா பக்கத்துல ஸ்கேல்னு இருக்கும், அதை நூத்தம்பது ஆக்குங்க. ரெசல்யூஷனைக் குறைச்சாலும் பெருசாகும், ஆனா எல்லாம் மங்கிடும். இவ்ளோ நாளா அதுலயா பாத்தீங்க? நானும் என்னடா, பூதக்கண்ணாடிக்கே புள்ளி தப்புதேன்னு..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரிக்கா."

"எப்ப மாறுச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடிச்ச ஒவ்வொரு லேபிளுக்கும் முழுத் திரையைப் படம் எடுத்து வைக்கிறோமே, அந்தப் படத்தோட அளவைப் பாருங்க."

படங்கள் தேதிவாரியாக இருந்தன. எட்டாம் தேதி வியாழன் வரை அகலம் 1920. ஒன்பதாம் தேதியின் முதல் படத்திலிருந்து 1280.

அந்த வியாழன் காலையில்தான் தலைமை ஏற்கக் கேட்டு மேலாளரின் கடிதம் வந்தது. மதியம் கணவரிடம் சொன்னாள். "ராத்திரி ஏழு மணி வரைக்கும் அங்கயே கெடக்கணுமா?" என்றார். சாயங்காலம் பல் டாக்டரிடம் போனாள். லாப்டாப்பும் அவரும் மட்டும் வீட்டில்.

பொடிசு சொன்னபடியே மாற்றினாள். திரை ஒரு தடவை இருண்டு வந்தது. எழுத்துகள் ஊசியால் கீறியது போல நின்றன. மறுபடி அளவைப் பொருத்திப் பார்த்தபோது வளையலுக்குள் முத்திரை இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அழுகை வரவில்லை. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, அதற்கும் ஆளில்லை.

நாலு மணிக்கு அவர் வந்தார். ஒரு கையில் சொட்டு மருந்து, இன்னொரு கையில் ஒரு தாள்.

"லாப்டாப்ல எழுத்தை நீங்க மாத்துனீங்களா?"

அவர் தயங்கவே இல்லை. "ஆமா. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்துட்டிருந்தே. பெருசாத் தெரியட்டுமேன்னு மாத்துனேன். தப்பா?"

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்ற அளவுக்கு அது ஒரு விஷயமா?"

"மங்குது மங்குதுன்னு மூணு வாரமாச் சொல்றேங்க."

"அதனால மங்கும்னு எனக்கு என்ன தெரியும்? நான் என்ன கம்ப்யூட்டர் படிச்சவனா?"

உண்மையாக இருக்கலாம். பெரிதாக்குகிறேன் என்று கெடுத்து வைப்பது அவர் சுபாவம்தான். ஆனால் அந்த வியாழக்கிழமைக்கு முன்னும் அவள் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தாள், பத்தொன்பது வருடமாக. அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று அந்த முகத்தில் மட்டும் அவளால் பிடிக்க முடியவில்லை.

அவர் தாளை மேசையில் வைத்தார். அவள் பெயரில் மேலாளருக்கு அவரே அடித்த கடிதம். கண்பார்வை குறைந்து வருவதால் தலைமைப் பொறுப்பை ஏற்க இயலவில்லை என்றது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"உனக்குச் சிரமம் வேண்டாம்னுதான். நாளைக்குக் குடுக்கணும்ல?"

அவள் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். பிழை எதுவும் இல்லை. மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள். வளையலை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு அடுத்த லேபிளைத் திறந்தாள்.

அவர் மருந்தின் மூடியைத் திருகினார்.

"சரி, அதை அப்புறம் பாக்கலாம். தலையைச் சாய்ச்சுக் கண்ணைக் காட்டு."

"வேண்டாங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.