அவள்மேல் மட்டும் படாத அடி

பெட்டி அவள் கொழுந்தனின் வாய்ப்பேச்சில் மட்டும்தான் இருந்தது. இரும்புப் பட்டை அடித்த பெட்டி, பழைய பூட்டு, மேலே ஒரு விரல் கனத்துக்குப் புழுதி. மேஜைமேல் நிஜமாக இருந்தவை தாள்கள், பென்சில்கள், இருபது முகப் பகடை ஒன்று, சாதாரணப் பகடைகள் சில, அவன் தன் முன்னால் மடித்து நிறுத்தியிருந்த மறைப்பு அட்டை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வருடக்கணக்காக நடக்கிற ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம். கதையைச் சொல்பவன் கொழுந்தன். எதிரிகளுக்காகப் பகடை உருட்டுவதும் அவன்தான், அட்டைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல்.

"பூட்டைத் திறக்கிறேன்," என்றாள்.

"பொறி வச்சிருக்கான்னு பாக்கலையா அண்ணி?"

"பாக்கல."

அவளுடைய பாத்திரத்துக்குப் பூட்டுத் திறப்பதுதான் தொழில். பொறி பார்க்காமல் பூட்டில் கை வைப்பதும் பாம்புப் புற்றில் கையை விடுவதும் ஒன்று. தெரிந்தேதான் வைத்தாள். அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டு நின்றது. கொழுந்தன் அதைக் குனிந்து பார்த்தான். பார்த்த நேரம் கொஞ்சம் அதிகம்.

"உள்ள இருந்து ஒரு ஊசி பாயுது. விஷம் தடவின ஊசி. ஆனா துருப்பிடிச்சிருக்கு, பாதியிலயே ஒடிஞ்சிடுது."

போன வாரம் ஊசி சரியாகத்தான் இருந்தது, விஷம் காய்ந்துபோயிருந்தது. அதற்கு முந்தின வாரம் அவளைக் குறிபார்த்த வில்லாளிக்குத் தும்மல் வந்துவிட்டது.

"தங்கச்சிக்கு உடம்பு பூரா மச்சம்," என்றார் பிரேக். பேருந்து ஓட்டுநர், அவள் கணவரின் சிநேகிதர். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வண்டியை நிறுத்துவார் என்பதால் அந்தப் பெயர். "என்னை மூணு ஓநாய் சேர்ந்து கடிக்குது. இவங்களைப் பாத்தா வாலை ஆட்டுது."

"உங்களைத்தான் நான் குணமாக்கிட்டேனே," என்றாள் நாத்தனார். அவள் பாத்திரம் வைத்தியச்சி.

"எங்க குணமாக்கினே? ராத்திரி தூங்கி எழுந்தேன், புண்ணெல்லாம் போச்சு. நிஜத்துல என் முதுகு வலி பதினோரு வருஷமா என்கூடவே தூங்கி எழுந்திரிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

இந்த ஆட்டத்தின் காயக் கணக்கு அவளுக்கு முன்பெல்லாம் வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொருவர் தாளிலும் உயிர்ப்புள்ளி என்று ஒரு கட்டம். அடிபட்டால் அழித்துக் குறைக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மிஞ்சியிருந்தாலும் முழு பலத்தோடு வாள் சுழற்றலாம், ஓடலாம், மலை ஏறலாம். பூஜ்ஜியமானால் மட்டும் விழ வேண்டும். "இதென்ன கணக்கு, மனுஷன் அப்படியா?" என்று கணவரிடம் கேட்டிருக்கிறாள். பிறகு அவர் அப்படித்தான் போனார். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டவர், அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

அவருடைய பாத்திரத்தைக்கூடக் கொழுந்தன் சாகவிடவில்லை. கேடயக்காரன் கப்பலேறித் தூரதேசம் போய்விட்டதாக ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

அன்றிலிருந்து அவள்மேல் ஓர் அடியும் படவில்லை. அவள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருப்பவள், தாளைத் தொட்டால் தெரியும். அவர் போன பின் எல்லோரும் எடுத்த புதுத் தாள்களில், மற்றவர்களுடைய உயிர்ப்புள்ளிக் கட்டம் ரப்பர் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சு கிளம்பியிருந்தது. அவளுடையது மட்டும் ரீமிலிருந்து உருவியதுபோல வழவழவென்று இருந்தது.

அச்சகத்திலும் இதே கதைதான். அவளுடைய இடம் கட்டிங் மெஷின். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் கத்தி இறங்கும், கை மாட்ட வழியே இல்லை. இருந்தும் போர்மேன் அவளை லேபிள் ஒட்ட உட்கார வைத்துவிட்டார். "கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்மா." கொஞ்ச நாள் என்பது ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனது. அவள் வந்தால் பேச்சு நிற்கிறது. அவள் தப்புச் செய்தால் யாரும் திட்டுவதில்லை. திட்டு வாங்கக்கூட ஒரு யோக்கியதை வேண்டும்போல.

பெட்டிக்குப் பின்னாலிருந்து பூதம் வந்தது. கையில் மரத்தையே பிடுங்கி வைத்திருந்தது.

"நான் முன்னால போய் நிக்கிறேன்," என்றாள்.

"நீங்களா?" என்றாள் நாத்தனார். "அண்ணி, அது பிரேக் அண்ணன் நிக்க வேண்டிய இடம்."

"நிக்கிறேன்."

கொழுந்தன் உருட்டினான். குனிந்து பார்த்தான். "பூதம் ஓங்குது. கால் இடறி..."

அவள் கையை நீட்டி மறைப்பு அட்டையை மடக்கிப் படுக்க வைத்தாள். பகடை பதினெட்டைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

பிரேக் தன் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார், அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"பதினெட்டுக்கு எனக்கு அடி படுமா, படாதா?"

"படும்," என்றான்.

"எத்தனை மாசமா இப்படி?"

"அண்ணன் போனதுல இருந்து." அவன் நிமிரவில்லை. "எனக்கு இன்னொருத்தரைச் சாகடிக்க வராது அண்ணி."

"நான் சாகடிக்கச் சொல்லல. அடிக்கச் சொல்றேன்."

"விளையாட்டுதானே அண்ணி," என்றாள் நாத்தனார், மெதுவாக.

"விளையாட்டுதான். நீங்க மூணு பேரும் விளையாடுறீங்க. நான் ஷோகேஸ் பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன். என்னை எதுவும் ஒண்ணும் செய்யலைன்னா நான் எதுக்கு இங்க வரணும்? அவர் இருந்தா இந்நேரம் என்ன சொல்லியிருப்பார்?"

பிரேக் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "'பூட்டைப் பாத்துத் திறடி குருடி'ன்னு சொல்லியிருப்பான்."

நாத்தனார் அவரை முறைத்தாள். அவளுக்கோ மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த மூக்கு சட்டென்று திறந்த மாதிரி இருந்தது.

"உருட்டு," என்றாள் கொழுந்தனிடம். "எல்லாருக்கும் தெரியிற மாதிரி."

அடியின் அளவுக்காக இரண்டு பகடைகளை மேஜை நடுவில் உருட்டினான். "பதினொண்ணு," என்றான். "மரம் உங்க தோள்ல இறங்குது. சுவரோட போய் மோதுறீங்க."

அவள் கட்டத்தை அழித்தாள். தாளில் முதல் பஞ்சு கிளம்பியது. ஊதிவிட்டு, ஒன்பது என்று எழுதினாள்.

"நான் குணமாக்கிடறேன்," என்று நாத்தனார் தன் தாளை இழுத்தாள்.

"வேண்டாம். இருக்கட்டும்."

"இன்னொரு அடி இதே மாதிரி விழுந்தா..."

"தெரியும். பூதத்தோட முறை வரட்டும்."

வந்தது. கொழுந்தன் பகடையைக் கைக்குள் வெகுநேரம் குலுக்கினான். அட்டை படுத்தே கிடந்தது. பகடை உருண்டு, பிரேக்கின் டம்ளரில் முட்டி, அவள் பக்கம் திரும்பி நின்றது. நான்கு.

"தப்பிச்சுட்டீங்க அண்ணி," என்றான்.

அவள் ஒரு முறை பகடையைப் பார்த்தாள், ஒரு முறை அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை அவன் சொன்னதை நம்பினாள்.