ஒரே தொட்டி

விடிவதற்குள் அவளுக்கு உள்ளங்கை காந்த ஆரம்பித்துவிடும். படிகாரக் கட்டிகளைச் சம்மட்டியால் உடைத்து, தொட்டித் தண்ணீரில் கொட்டி, கரையும்வரை துடுப்பால் கிண்ட வேண்டும். அந்தக் கரைசல் சேர்ந்தால்தான் ஆற்றுத் தண்ணீரின் கலங்கல் திரண்டு வண்டலாகப் படியும். தெளிந்த தண்ணீர் மணலில் வடிந்து, பிளீச்சிங் பவுடரில் கிருமி செத்து, குழாய் வழியே ஊருக்குப் போகும். அந்தத் தண்ணீர் நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. எல்லோருக்கும் அவள் படிகாரக்கா.

"எங்கக்கா மொறைச்சாலே தண்ணி தெளிஞ்சிரும்" என்பான் தம்பி. பிளீச்சிங் பவுடர் கரைப்பது அவன் வேலை.

அவனுடைய தொட்டி போன மாதம் விரிசல் விட்டது. வேறு கேட்டதற்கு, "ஒண்ணுலயே ரெண்டையும் கரைங்க. நடுவுல கழுவிட்டாப் போச்சு" என்றார் முதலாளி. இரண்டும் சேர்ந்தால் நெஞ்சைக் கருக்கும் வாயு கிளம்பும் என்பது அவருக்கும் தெரியும். முதலில் எல்லோரும் முறை வைத்து மூன்று தரம் கழுவினார்கள். அப்புறம் நாலு மணி நேரம் தெளியவேண்டிய தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் திறக்கச் சொன்னார். அந்த அவசரத்தில் மூன்று தரம் ஒன்றானது. சில நாள் அதுவும் இல்லை.

அன்று காலை தண்ணீரைத் திறக்கச் சொல்லிச் சங்கு அலறிக்கொண்டே இருந்தது. படிகாரக்கா கரைசலை இறக்கிவிட்டு மோட்டார் பக்கம் ஓடினாள். திரும்பும்போது தொட்டி அறையின் கதவிடுக்கில் மஞ்சளும் பச்சையுமாகப் புகை கசிந்தது. உள்ளே தம்பி மூச்சுக்குத் தவித்துத் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தான்.

அவன் பிழைப்பானா என்று ஆஸ்பத்திரியில் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. மத்தியானம் முதலாளி எல்லோரையும் கூட்டினார்.

"கழுவாம கலந்தான், மாட்டிக்கிட்டான். அதுக்காக ஊரு தாகத்துல கிடக்க முடியுமா? படிகாரக்கா, அவன் வேலையையும் நீயே பாரு."

காலையிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

"அவன் மேல பழி போடாதீங்க. தொட்டி அடியில படிகாரத்தை விட்டுட்டுப் போனது நான். நான்தான் கழுவல."

"கேட்டுக்கிட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா!" முதலாளியின் முகம் மலர்ந்தது.

மணல் வாரும் அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டார். "நேத்து சாயங்காலம் நானும் கழுவல."

"திங்கக்கிழமை நானும்தான்" என்றாள் வண்டல் அள்ளுகிறவள்.

"எங்க நேரம் விட்டீங்க கழுவ?" மோட்டார்க்காரர் முன்னால் வந்தார். "இன்னைக்கு அவன், நாளைக்கு யாரு? இன்னொரு தொட்டி வர்றவரைக்கும் எவனும் எதையும் கரைக்கமாட்டான். கிருமி சாகாத தண்ணியை ஊருக்கு விடவும் மாட்டோம்."

"ஊரே உங்களைக் காறித் துப்பும். வெளியாளு கொண்டு வருவேன்!"

"வர்றவங்களுக்கும் மூச்சுதானே ஓடுது? அவங்ககிட்டயும் பேசுவோம்" என்றாள் படிகாரக்கா. ஊருக்குப் போகும் குழாயின் வால்வை இறுக்கி மூடினாள்.

ஊருக்குத் தாங்களே சொல்வதென்று தெருத்தெருவாகப் பிரிந்தார்கள். முதல் வீட்டில் கதவைத் திறந்தவள் இடுப்பில் காலிக் குடத்தோடு எரிந்து விழுந்தாள். "காலையிலேர்ந்து சொட்டுத் தண்ணி இல்ல! என்னதான் புடுங்குறீங்க அங்க?"

படிகாரக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி தரையைப் பிறாண்டியதையும் சொன்னாள்.

அந்தப் பெண் குடத்தை வாசலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"இரு, பக்கத்து வீட்டுக்காரி வாயாடி. நீ சொன்னா நம்பமாட்டா. நானும் வர்றேன்."