ஆறாவது பாட்டு

முதல் ஆல்பத்தில் தப்பித்துவிடலாம், இரண்டாவதில்தான் சாயம் வெளுக்கும் என்று இசை வட்டாரத்தில் பயமுறுத்துவார்கள். செஞ்சியில் தொடங்கிய ‘டவுன் பஸ்’ ராக் குழுவை அந்தப் பயம் ஒரு வருஷமாகப் பிடித்து ஆட்டியது. பாட்டெழுதிப் பாடும் வளவனுக்குத் தூக்கமே போனது. சென்னை ஸ்டுடியோவில் ஐந்து பாட்டுகள் முடிந்தன. ஐந்தும் உப்பில்லாத உப்புமா.

அப்போதுதான் அவன் தன் போனிலிருந்த ஒரு பதிவை வெளியே எடுத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் அக்கா கலைமதி இரண்டாவது பிரசவத்தில் செத்துப்போனாள், குழந்தையும் தங்கவில்லை. அவலூர்பேட்டையில் புருஷன் வீட்டு வாசலில், தலைமாட்டில் உட்கார்ந்து அம்மா மங்கை ஒப்பாரி வைத்தாள். வளவன் அழுதுகொண்டே அதைப் பதிவு செய்திருந்தான். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

“வலி வந்து துடிக்கையில வாசலுக்கு வரலியே,
சீட்டுக்கட்டு கையிலிருக்க சேகரு நீ எழலியே...”

அந்தப் பக்கம் ஒப்பாரிக்கு ஒரு நியாயம் உண்டு. பெற்றவள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கப்பட்டவன் தலைகுனிந்து நிற்க வேண்டும். பிணம் எடுத்ததும் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அப்புறம் யாரும் சொல்லிக்காட்டக் கூடாது. மருமகன் தனசேகரன் அன்று சீட்டாடியது உண்மை. வலி வந்ததை அவருக்கு யாராவது சொன்னார்களா என்பது தெரியாது. அவர் தலைகுனிந்துதான் நின்றார். காரியத்தன்று மங்கையே அவருக்குச் சோறு போட்டாள். அவரும் லீவு விட்டால் மகள் சுவாதியைச் சிங்கவரத்தில் மங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மங்கை நடமாடிக்கொண்டிருந்ததே அந்தக் குழந்தை வருவாள் என்றுதான்.

இதெல்லாம் வளவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆல்பம் ஆசை கண்ணை மறைத்தது, பாவி.

கிதார் வாசிக்கும் ஹரிஹரசுதன் செஞ்சி பஜாரில் ஜவுளிக்கடைக்காரர் மகன். அம்மாவின் ஒப்பாரியை அப்படியே ஆறாவது பாட்டில் சேர்க்கலாம் என்று வளவன் சொன்னபோது அவன் ஒருத்தன்தான் தயங்கினான்.

“அம்மாகிட்ட கேட்டியாடா?”

“கேட்டேன்” என்று வளவன் புளுகினான்.

“அந்தப் பேர் வர்ற வரியையாவது கட் பண்ணிடலாம்.”

“அது இல்லன்னா பாட்டுல உசுரே இல்ல, வுடு.”

ஆல்பம் வந்தது. இணையத்தில் எழுதுகிறவர்கள் ஐந்து பாட்டையும் கண்டுகொள்ளவில்லை; ஆறாவதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கையில் சீட்டுக்கட்டோடு அந்த இரண்டு வரிக்கு வாயசைத்து ரீல்ஸ் போட்டார்கள். பெங்களூரில் பெரிய மேடை கிடைத்தது.

அவலூர்பேட்டையில் தனசேகரன் வேலை பார்க்கும் உரக்கடைக்கு எதிரே ஒரு டீக்கடை. “இன்னா சேகரு, ஆட்டம் கெலிச்சியா?” என்று அங்கே ஒருத்தன் ஆரம்பித்தான். பிறகு சந்தை முழுக்க அதே பேச்சு.

மே மாச லீவுக்குச் சுவாதி வரவில்லை. மங்கை போன் செய்தாள்.

“அனுப்ப மாட்டேன் அத்தை. எழவுல நீங்க கேட்டீங்க, நான் வாயத் தொறக்கல. இப்ப ஊரே கேக்க வச்சிட்டீங்களே” என்று சொல்லித் தனசேகரன் போனை வைத்துவிட்டார்.

மங்கைக்கு விஷயமே அப்போதுதான் தெரிந்தது. மகனை அவள் திட்டவில்லை. “என் கொழந்தைய கூட்டியா. அதுவரைக்கும் என்கிட்ட பேசாத” என்றாள்.

வளவன் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் நீக்கினான். ரீல்ஸை யாரால் நீக்க முடியும்? பஸ் ஏறி அவலூர்பேட்டைக்குப் போனான்.

“மாமா, தப்பு என்னுதுதான். அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. கால்ல வேணா வுழறேன்.”

தனசேகரன் கத்துவார், அடிப்பார் என்றுதான் அவன் வந்திருந்தான். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“பரீட்சை சமயத்துல ஸ்கூல் பசங்க சுவாதிக்கு அந்தப் பாட்டப் போட்டுக் காட்டிட்டாங்க. அதுலேர்ந்து என் கையால சோறு வாங்க மாட்டேங்குறா. பக்கத்து வூட்லதான் சாப்புட்றா. நீயே பேசிப் பாரு.”

உள்ளேயிருந்து சுவாதி வந்தாள். எட்டு வயசு. அப்பாவின் கை படாத தூரத்தில் சுவரோரமாக நின்றாள்.

“மாமா, ஆயா பொய் சொல்ல மாட்டாங்க இல்ல?”

பொய் என்றால் அவளுக்குப் பாட்டி போய்விடுவாள்; நிஜம் என்றால் அப்பா போய்விடுவார். ஒப்பாரி என்பது வேறு பேச்சு என்று எட்டு வயசுக்கு எப்படிச் சொல்வது? தனசேகரன் வளவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவாதி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.