நீச்சல் தெரியாத பத்துப் பேர்

வேட்புமனு வாங்கும் கடைசி நாள். நான்கு மணிக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள். இரண்டு இருபதுக்கு என் மாமியார் கிளெனிஸ் நகரமன்றப் படிகளில் இறங்கி வந்து காரில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை.

"பத்தும் செல்லாதாம்," என்றார்.

பின்னாலேயே வேட்பாளரான மேயர் கிளைவ் ஓமரோட் வந்தார். குள்ளமான மனிதர். கையில் எப்போதும் ஒரு தேநீர் பிளாஸ்க் இருக்கும்.

"எப்படிச் செல்லாது? பத்து பேரையும் நானே வீடு வீடாப் போய்ப் பார்த்தேனே!"

அதுதான் பிரச்சினை. ஒரு வேட்பாளரைத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டு முன்மொழிய வேண்டும். கிளெனிஸ் முப்பது வருடமாகக் கட்சியின் தேர்தல் முகவர். கிளைக் கமிட்டியில் பத்துப் பேரைப் பிடித்து முதல் நாளே மனுவைக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். மேயர் ஒத்துக்கொள்ளவில்லை. கட்சிக்காரர்கள் வேண்டாம், சாதாரண ஜனங்கள் வேண்டும் என்றார். கறிக்கடைக்காரர், பித்தளை வாத்தியக் குழுவின் நடத்துநர், பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் அம்மாள். கடைசி நாள் மதியம் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு கொடுப்பது என்று ஏற்பாடு. படமெல்லாம் நன்றாகத்தான் வந்திருந்தது.

ஒருவர் ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். முதலில் வந்த மனுதான் செல்லும். அந்தப் பத்துப் பேரும் ஏற்கெனவே வாத்துக்குப் போட்டிருந்தார்கள்.

வாத்து என்பது நார்மன் ஷார்ப்பிள்ஸ். எழுபத்திரண்டு வயது. ஹாடில்ஷா நகர நீச்சல் குளத்தில் நாற்பது வருடம் பயிற்சியாளர். இரண்டு வருடத்துக்கு முன்பு குளத்தின் கூரை ஒழுகியது. பழுதுபார்க்க மேயரின் அலுவலகத்திடம் பணம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. குளத்தை மூடினார்கள். அதைத் திறக்கச் சொல்லி நார்மன் மஞ்சள் வாத்து வேஷத்தில் இடைத்தேர்தலில் நின்றார்.

"அந்த ஆளு நாற்பது படிவம் குடுத்திருக்காரு, கிளைவ்," என்றார் கிளெனிஸ். "நானூறு பேரு."

"பத்து பேர் போதும்னு அவருக்குத் தெரியாதா?"

"படிவத்துல பத்து வரிதான் இருந்துச்சாம். பத்தலைன்னு மறுபடி மறுபடி கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு."

மேயர் பிளாஸ்கைத் திறந்து, குடிக்காமல் மூடினார். ஆறு வருடம் முன்பு பாராளுமன்றத்தை விட்டு வந்தபோது, இனி லண்டன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொன்னவர். இப்போது பிரதமரின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. அதில் உட்கார வேண்டுமானால் முதலில் எம்.பி. ஆக வேண்டும். எங்கள் எம்.பி. ராஜினாமா செய்தது அவருக்கு அடித்த அதிர்ஷ்டம். இந்த மனு விழுந்தால் எல்லாம் முடிந்தது.

"சரி, கமிட்டிக்காரங்களைக் கூப்பிடு," என்றார்.

"கூப்பிட்டேன். அத்தனை பேரும் வாத்துக்குப் போட்டிருக்காங்க. கிளைத் தலைவர்தான் முதல் வரி."

"என் ஓட்டு வேற தொகுதியில. அப்ப நீ போடு, கிளெனிஸ்."

கிளெனிஸ் சீட் பெல்ட்டை மாட்டினார்.

"கிளெனிஸ்?"

"மழையில நின்னாரு, கிளைவ். அந்த வேஷத்தோட. சொட்டச் சொட்ட. ஏழு வயசுல என்னைத் தண்ணியில மிதக்க விட்ட மனுஷன். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

நான் காரைக் கிளப்பினேன். என் வேலை அது மட்டும்தான். கிளெனிஸுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது, ஓட்டக் கூடாது. வீட்டைவிட்டு என்னை வெளியே இழுக்க அவருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அவர் மகள் கெர்ரி இறந்து பதினொரு மாதம். ஓட்டுகிறேன், ஆனால் மேயருக்காக வேறு எதுவும் கேட்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவரும் கேட்கவில்லை.

மில் தெருவில் கதவு கதவாகத் தட்டினோம். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள்.

"ஐயோ, நார்மனுக்குப் போட்டுட்டேனே, கண்ணு. அவர்தான் முதல்ல வந்தாரு."

"உங்களுக்குத்தான் ஓட்டு, கிளைவ். கையெழுத்து வேற, ஓட்டு வேற."

"என் மூணு பிள்ளைங்களுக்கும் அவர்தான் கத்துக்குடுத்தாரு. பிரதமரானா நம்ம ஊரை மறந்துடாதீங்க!"

பத்து வீட்டில் ஒரு கையெழுத்துகூட இல்லை. மணி இரண்டு ஐம்பது. பதினொன்றாவது வீட்டில் ஒரு பெண் மாவுக் கையோடு வந்தாள்.

"நான் யாருக்கும் போடல. அந்த வாத்துக்காரரை எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்தவ நான். சொந்த ஊர் கிரிம்ஸ்பி."

கிளெனிஸ் அவளை உற்றுப் பார்த்தார். "உனக்கு நீச்சல் தெரியுமா, கண்ணு?"

"தெரியாது. ஏன்?"

"கிளைவ்," என்றார் கிளெனிஸ், "நீச்சல் தெரியாதவங்களைத் தேடு."

காரின் மேல் பிரச்சார ஒலிபெருக்கி இருந்தது. மேயர் மைக்கை எடுத்தார். வட இங்கிலாந்தின் குரல் என்று பத்திரிகைகள் எழுதிய குரல் அது. மார்க்கெட் சதுக்கத்தை இரண்டு முறை சுற்றினோம்.

"ஹாடில்ஷா மக்களே! கிளைவ் ஓமரோட் பேசுறேன். உங்கள்ல நீச்சல் தெரியாதவங்க யாராவது இருந்தா, தயவுசெய்து உடனே மார்க்கெட்டுக்கு வாங்க! நேரம் ரொம்பக் குறைவா இருக்கு!"

முந்தைய டிசம்பரில் ஹாடில் ஆறு மார்க்கெட் வரை வந்திருந்தது. அதை நாங்கள் யோசிக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் கடைக்காரர்கள் மணல் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு தேவாலய மேட்டில் ஏறினார். ஜன்னலைத் திறந்து ஒரு கிழவர் கத்தினார்.

"ஏய் கிளைவ்! நீச்சல் தெரிஞ்சவங்க என்ன பண்றது?"

"நீங்க வீட்லயே இருங்க!"

"அடப்பாவி, வீட்டுக்குள்ளதானே தண்ணி வரும்!"

ஆனால் வர வேண்டியவர்கள் வந்துவிட்டார்கள். மீர்பூரிலிருந்து வந்து டாக்சி ஓட்டும் யூசுஃப். மீனும் சிப்ஸும் விற்கும் ஹாங்காங் தம்பதி. புதிதாக வந்த மெதடிஸ்ட் போதகர். லண்டனில் வாடகை கட்ட முடியாமல் இங்கே குடியேறிய நான்கு பேர். வெள்ளம் இல்லை என்று சொன்னதும் யூசுஃபுக்குக் கோபம்.

"சவாரியைப் பாதி வழியில இறக்கிவிட்டுட்டு வந்திருக்கேன்யா! இதுக்கா?"

"நாட்டுக்காக," என்றார் மேயர்.

"நாடு மீட்டர் காசு குடுக்குமா?"

திட்டிக்கொண்டே போட்டார். கிரிம்ஸ்பிக்காரியோடு சேர்த்து ஒன்பது. மணி மூன்று நாற்பத்தொன்று. சதுக்கத்தில் வேறு யாரும் இல்லை. மிச்சப் பேர் மேட்டின் மேல் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காருக்குள் உட்கார்ந்தோம். மேயர் பின்சீட்டிலிருந்து என் கழுத்தைப் பார்ப்பது தெரிந்தது.

"தம்பி, நீ இந்த ஊர்தானா?"

"இல்ல, ஹல் நகரம்."

"ஓட்டு இங்கதானே?"

"ஆமா."

"நீச்சல்?"

"அவனை விடு, கிளைவ்," என்றார் கிளெனிஸ். வேகமாகச் சொன்னார்.

"ஏன்? ஒரே ஒரு வரி, கிளெனிஸ். ஒரு வரி! இந்தப் பையன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான், நாம ஊரெல்லாம்..."

"விடுன்னு சொன்னேன்."

நான் சொல்லிவிட்டேன். அது கஷ்டமாக இல்லை. எதுவுமே அப்போது கஷ்டமாக இருந்ததில்லை.

"என் மனைவி கத்துக்குடுத்தா. நாலு பாடம் ஆச்சு. நாலாவதுல குளத்து ஓரக் கம்பியை ஒரு கையால மட்டும் பிடிச்சிருந்தேன். அஞ்சாவதுக்குப் போனோம். கதவுல உங்க நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. அப்புறம் அவளுக்கு உடம்பு முடியாமப் போச்சு."

மேயர் பிளாஸ்கை மடியில் வைத்தார்.

"கூரைக்கு எவ்வளவு கேட்டாங்கன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல," என்றார். "ஒரு அடுக்கு காகிதம் வந்துச்சு. நாப்பது கையெழுத்து போட்டேன். அதுல அதுவும் ஒண்ணு." பிறகு, "எனக்கும் நீச்சல் தெரியாது."

"உனக்குமா?" என்றார் கிளெனிஸ்.

"குளத்தோட அருமை தெரிஞ்சிருந்தா படிச்சுப் பார்த்திருப்பேனோ என்னவோ. தம்பி, நான் ஜெயிச்சா முதல் வேலையா அந்தக் குளத்தை..."

"வாயை மூடு!" என்று கிளெனிஸ் கத்தினார். "கையெழுத்து வாங்குறதுக்காக வாக்குறுதியா? லஞ்சம்னு கேஸ் போடுவாங்க. உனக்கும் ஜெயிலு, எனக்கும் ஜெயிலு. இந்த முழங்காலோட நான் ஜெயிலுக்குப் போக மாட்டேன்."

மேயர் வாயை மூடினார். வாக்குறுதி கொடுக்காமல் அவர் அவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. முகம் சிவந்துவிட்டது.

கிளெனிஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாக்காளர் பட்டியலை மடியில் மூடி வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ஆளில்லாத மார்க்கெட்டைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் ஒரு மனுவையும் தவறவிட்டதில்லை. மகளை அடக்கம் செய்த வாரமும் வார்டு தேர்தலுக்குத் துண்டுப் பிரசுரம் மடித்தார். அவருக்கு வேறு என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்ததில்லை.

"என் நம்பர் என்ன?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே பட்டியலை நீட்டினார். இறந்தவர்களை இன்னும் நீக்காத பட்டியல். எங்கள் தெருவைத் தேடினேன். 213, கெர்ரி. 214, நீல். அது நான். பத்தாவது வரியில் 214 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நகரமன்றத்துக்குள் நுழைந்தபோது மூன்று ஐம்பத்தேழு. நீளமான நடைக்கூடம். கடைசியில் தேர்தல் அலுவலரின் அறை. தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். மூவரும் ஓடினோம், கிளெனிஸ் நொண்டியபடி. பாதி வழியில் பெஞ்சிலிருந்து மஞ்சளாக ஒன்று எழுந்து நின்றது.

"ஓடக் கூடாது!" என்று நார்மன் கத்தினார். "ஈரத் தரை!"

கிளெனிஸ் நின்றுவிட்டார். எதிரே வந்த இரண்டு குமாஸ்தாக்களும் நின்றார்கள். படியில் வேகமாக இறங்கிய ஒரு கவுன்சிலர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவானார். நாற்பது வருடம் அந்தக் குரலைக் கேட்ட ஊர். காகிதம் கிளெனிஸின் கையில் இருந்தது. கால் நகரவில்லை.

"எனக்கு வரமாட்டேங்குது, நீல்," என்றார். "நீங்க ஓடுங்க!"

காகிதத்தைப் பிடுங்கி மேயரிடம் கொடுத்தேன். நார்மனிடம் படிக்காத நாங்கள் இருவர் மட்டும் ஓடினோம். கதவருகில் மேயர் வழுக்கினார். காலரைப் பிடித்துத் தூக்கி உள்ளே தள்ளினேன். மூன்று ஐம்பத்தொன்பது. மனு ஏற்கப்பட்டது.

வெளியே வந்தபோது நார்மன் என்னைக் கூப்பிட்டார். வாத்துத் தலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"நீ கெர்ரியோட வீட்டுக்காரன்தானே? உன் வீட்டுக்கு மூணு தடவை வந்தேன்."

"கதவைத் திறக்கல. மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல. எத்தனை பாடம் ஆச்சு?"

"நாலு."

"அவகிட்டயா?" சிரித்தார். "அவ நல்லாக் கத்துக்குடுத்திருப்பா. ஆனா அஞ்சாவதுலதான் கம்பியை விடணும். செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்க் குளத்துல நான் எடுக்குறேன். நாற்பத்தொண்ணாம் நம்பர் பஸ். உன் தலைவரையும் கூட்டிட்டு வா."

"அவர் என் தலைவர் இல்ல."

"எப்படியோ, கூட்டிட்டு வா. ஓட்ற லட்சணத்தைப் பார்த்தேன்."

மேயர் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். இரண்டாவது வாத்து. முடிவை அறிவித்தபோது மேடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். எல்லாப் பத்திரிகைகளிலும் அந்தப் படம் வந்தது. வாத்தின் இறக்கை மேயரின் முகத்தில் பாதியை மறைத்திருந்தது.

தேர்தல் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை போனேன். மேயர் வரவில்லை. அவர் லண்டனில் இருந்தார்.

யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கிளெனிஸ் இன்றுவரை கேட்கிறார். கையெழுத்து வேறு, ஓட்டு வேறு என்று சொல்லிவிடுகிறேன்.