ஒரிஜினல் மழைக்கோட்டு

ஹட்டன் பஜாரில் என்னை விடப் புத்திசாலியான வியாபாரி கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தது நான் ஒருவன் மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

மலேசியாவிலிருந்து 'மூன்று கொக்கு' மழைக்கோட்டு இறக்குமதி செய்கிறேன். இலங்கையில் அந்தச் சின்னத்தின் உரிமை என் பெயரில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பிடித்த கோட்டு. பிடித்துப்போன சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? அதே மூன்று கொக்கோடு நடைபாதைக்கு வந்துவிட்டது. கொக்குகள் கொஞ்சம் வாத்து மாதிரி இருந்தன. கொட்டுகிற மழையில் யார் அதைப் பார்க்கப்போகிறார்கள்?

டிக்கோயாத் தோட்டத்து மீனம்மா, தையல் பிரிந்த ஒரு போலிக் கோட்டோடு கடைக்கு வந்தார். போன மழைக்கு முழுக்க நனைந்து, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

"கொக்கப் பாத்து ஒங்க சாமான்னு நெனச்சுதான் வாங்குனேன் மொதலாளி. இப்ப நான் யாருகிட்டப் போயி கேக்குறது?"

"இந்தத் தடவ வைகாசி மழைக்கு முந்தி ஒரிஜினல் வந்துரும். ஒங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கிறேன். போலிய தொறமுகத்துலயே மடக்குறேன், பாருங்க."

பேச்சில் நான் குறை வைத்ததே இல்லை.

சுங்கத்தில் சின்னத்தைப் பதிந்து வைத்தால், அதே சின்னத்தோடு வரும் போலிச் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடலாம் என்று கேள்விப்பட்டேன். மாதிரிக்கு ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடினேன்.

எங்கள் கடையில் புதுச் சரக்கு வந்தால், முதல் உருப்படிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, லட்சுமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் விற்பனை. அவசரத்தில் நான் எடுத்துப் போனது அந்தக் கோட்டு. என் மனைவி யோகேஸ்வரி வைத்த பொட்டு காலரில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன அடையாளம்?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி அம்மா.

சாமி கும்பிட்டது என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். ஏசி அறையில் உட்காரவைத்து, ஓர் அதிகாரி என்னிடம் சந்தேகம் கேட்டதில் தலைகால் புரியவில்லை. "இது இல்லாமல் எங்கள் சரக்கு வெளியே போகாது. போலிக்காரனுக்கு இது வரவே வராது" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அடித்துவிட்டேன். அசலின் அடையாளங்களில் முதலாவதாக அவர் அதைப் பதிந்துகொண்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். நான் போட்டுக்கொண்டு கையெழுத்தும் வைத்தேன்.

வைகாசியில் தொலைபேசி வந்தது. பொட்டு இல்லாத 'மூன்று கொக்கு' சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்களாம். பஜார் முழுக்கச் சொல்லி, பக்கத்துக் கடைக்கு லட்டு வேறு அனுப்பினேன். இறக்குமதி செய்த திருடன் யார் என்று கேட்கத் தோன்றியதே மறுநாள்தான். என் பெயரைச் சொன்னார்கள்.

"நான் வேணும்னா கொழும்புக்கு வந்து எல்லா கோட்டுக்கும் பொட்டு வச்சிட்டு வரட்டுங்களா?" என்றாள் யோகேஸ்வரி. சிரிக்காமல் கேட்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார் அதிகாரி அம்மா. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னது வெறும் பீற்றல் என்று நானே எழுதிக் கொடுத்தேன். மலேசியாக் கம்பெனியிடமிருந்து கடிதம் வாங்கினேன். கொழும்புக்கும் ஹட்டனுக்குமாக அலைந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடையின் தகரக் கூரையில் அது கொட்டும்போதெல்லாம் மீனம்மாவின் நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது.

சரக்கு கைக்கு வந்தபோது ஆனி பாதி போய்விட்டது. முதல் கோட்டை எடுத்துக்கொண்டு டிக்கோயாவுக்குப் போனேன். மீனம்மா மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். நடைபாதையில் வாங்கிய இன்னொரு கோட்டைப் போட்டிருந்தார். தோள் இரண்டும் நனைந்திருந்தன.

"ஒரிஜினல், மீனம்மா. ஒரு சொட்டு உள்ள போகாது."

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா மொதலாளி, இது தொறமுகத்துல பத்திரமா இருந்தப்ப, மழை இங்கதானே பேஞ்சிச்சு."

சொல்லிவிட்டு இருமினார்.