இடது கைக்கு ஒரு கத்திரிக்கோல்

பாப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கடைக்குட்டி என்பதால் வந்த பெயர், தலை நரைத்த பிறகும் போகவில்லை. தையல் சாமான்களைத் தபாலில் அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாகப் பொட்டலம் கட்டுகிறாள். குண்டூசி ஒட்டும் காந்தக் கிண்ணம் எந்த அலமாரி, ஊசியில் நூல் கோக்கும் கருவி எந்தத் தட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது.

வீட்டில் தைப்பவள் அவளுடைய அண்ணி. பெட்டி நசுங்கிவிட்டது, அட்டை கிழிந்துவிட்டது என்று கம்பெனி கழித்துப் போடும் சாமான்களைப் பாப்பா அவ்வப்போது கொண்டுவந்து தருவாள். துணியைக் கவ்விப் பிடிக்கும் சின்ன கிளிப்புகள், தண்ணீர் பட்டால் அழியும் பேனா, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் அண்ணியிடம் ஒரே பதில்தான்.

"இது இல்லாமலும் நடக்குது."

சொல்லிவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவாள். பாப்பாவுக்கு முகம் சுருங்கிப்போகும்.

"நடக்குது, ஆனா கோணலா நடக்குது" என்பாள்.

அண்ணி தைத்த எதிலும் ஓரம் நேராக இருந்ததில்லை என்பது உண்மைதான். இருவருக்கும் நடுவே இப்படியே பதினோரு வருடமும் ஓடியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் பாப்பா தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டாள். கம்பெனிக்கு நடந்தே போகலாம். மூன்றாவது மாடி, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஜன்னல். சலூன் வைத்திருக்கும் அண்ணன், விஷயம் கேட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அண்ணிதான் சொன்னாள்.

"அந்த ஜன்னலுக்குத் திரை நான் தைச்சுத் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மஞ்சள் துணியைத் தரையில் விரித்துக் கோடு போட்டாள். பாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி துணி வெட்டுவதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தது அன்றுதான். கத்திரிக்கோல் இடது கையில் இருந்தது. நாலு விரல் அளவு வெட்டுவதற்குள் துணி இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொண்டது. அலகு கோட்டை மறைத்ததால் அண்ணி கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்து வெட்டினாள். கட்டைவிரலில் பழைய காய்ப்பு சிவந்திருந்தது.

"நிறுத்துங்க அண்ணி. அது வலது கைக்காரங்க கத்திரிக்கோல்."

"கத்திரிக்கோல்ல என்ன வலது, இடது? என் கைதான் சரியில்ல. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான்."

"இடது கைக்குத் தனியா இருக்கு. ஒன்பதாம் அலமாரி, கீழ்த்தட்டு, பச்சைப் பெட்டி. மாசத்துக்கு ரெண்டு பேர் கேட்டா அதிகம்."

அண்ணி சிரித்தாள். நம்பவில்லை.

மறுநாள் மாலை பாப்பா பச்சைப் பெட்டியோடு வந்தாள். நசுங்காத புதுப் பெட்டி. தன் பெயருக்குத் தானே பொட்டலம் கட்டி வாங்கியிருந்தாள்.

"இது இல்லாமலும்..." என்று தொடங்கிய அண்ணி, விரல்களை நுழைத்ததும் பேச்சை நிறுத்தினாள். பிடி அவள் கைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. துணியில் வைத்தாள். கோடு முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. படகுக்கு முன்னால் ஏரி விலகுவதுபோல் துணி விலகிக் கொடுத்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மங்கிய அறையில் அந்த மஞ்சள் மட்டும் வெயிலாகக் கிடக்க, அதன்மேல் அவள் சும்மா மிதந்து போனாள். பாப்பா ஏதோ சொன்னது எங்கோ கரையிலிருந்து கேட்டது.

"அண்ணி, கோடு எப்பவோ முடிஞ்சு போச்சு."

கோட்டைத் தாண்டி, திரையின் கீழ்ப்பகுதியில் அலை அலையாக வெட்டிக்கொண்டே போயிருந்தாள். ஒரு முழத் துணி தனியாகக் கழன்று கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

அண்ணி அலமாரியிலிருந்து ஒரு பழைய நீலப் போர்வையை எடுத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் பேனாவால் அதே அலையைப் போர்வையில் வரைந்தாள். வெட்டிய பிறகு பாப்பா கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டித் தர, மஞ்சளின் அடியில் நீலத்தைச் சேர்த்துத் தைத்தாள்.

அண்ணன் வந்ததும் புதுக் கத்திரிக்கோலைக் காதருகே வைத்துத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு அண்ணியின் கையைப் பார்த்தார்.

"நாள் முழுக்க இதைத்தான் பிடிச்சிட்டிருக்கேன். உன் கையைப் பார்க்கணும்னு எனக்குத் தோணலையே."

"நீங்க கடையில இருக்கற நேரமாப் பார்த்துத்தானே நான் தைச்சேன்" என்றாள் அண்ணி. அவர் அவளுடைய கட்டைவிரலை எடுத்து, காய்ப்பை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. பெண்கள் இருவரும் முதலில் புது அறைக்குப் போய்த் திரையை மாட்டினார்கள். காற்று அதை அறைக்குள் ஊதிவிட, தரையில் நீல வெளிச்சம் ஏறி இறங்கியது. மூட்டைகளைப் பிரிக்காமலே பாயைப் போட்டுப் படுத்தார்கள்.

"அந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிக்கணும் பாப்பா."

"அடிக்கலாம் அண்ணி. என்ன அவசரம்."

கட்டில் சட்டங்களைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்த அண்ணன், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தார். இருவரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்ப மனம் வரவில்லை. சட்டங்களைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.