ஆறாம் செடியின் மூன்றாம் கிளை

செங்கல் சூளையில் பதினோரு வருஷம் தலையில் கல் சுமந்தேன். கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பூவைத் தொடுகிற வேலைக்கு வந்துதான் தோள்பட்டை போயிற்று. ஏணியில் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கி, சுண்டுவிரல் நுனி அளவு மொட்டுக்கு வலைப்பை மாட்டி நூலால் முடிச்சுப் போட வேண்டும். பூக்கிற பருவத்தில் நாளைக்கு நூறு முடிச்சு. சாயங்காலம் சீப்பை எடுத்தால் கை காதுக்கு மேல் ஏறாது.

“கல்லு செய்யாததைப் பூ செஞ்சிருச்சு பாரு” என்று வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அவர் இடுப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை எடுத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

எனக்கு வேலை தாவரவியல் பூங்காவில். சனங்கள் பார்ப்பது முன்பக்கம்: புல்வெளி, கண்ணாடி வீடு, ஐஸ்கிரீம் வண்டி. நாங்கள் இருப்பது பின்பக்கம், ‘அனுமதி இல்லை’ என்று எழுதிய இரும்புக் கதவுக்கு உள்ளே. வெளியே அழிந்துகொண்டிருக்கிற செடிகளை இங்கே வைத்துப் பிழைக்க வைக்கிறோம். பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. தொட்டி, தட்டு, குழாய், நம்பர் எழுதின தகடு.

அதில் ஒரு செடி எங்கள் வாயில் ‘வெள்ளை’. புத்தகத்தில் முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. அது டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் வரும். டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, செடியில் பட்டம் வாங்கியவர். என் மகளைவிட நாலைந்து வயசு மூத்தவர் இருப்பார். என்னை அக்கா என்பார்.

மூணு மணி நேரப் பயணத்தில் ஒரு மலை இருக்கிறது. கல்லுக்காகப் பாதி மலையை வெட்டித் தின்றாயிற்று. மிச்சப் பாதியின் பாறை இடுக்கில்தான் வெள்ளை நிற்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். டாக்டரம்மா ஏறி இறங்கி எண்ணினதில் நாற்பத்தொன்று. அதில் பாதி கிழடு. காய் பிடித்தாலும் ஆடு விடுவதில்லை. அதனால் அங்கிருந்து குச்சி வெட்டிவந்து பின்பக்கத்தில் ஒன்பது செடி உண்டாக்கியிருந்தோம். அவை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பூக்கவும் ஆரம்பித்தன. அதில் விதை எடுத்து, கன்று வளர்த்து, மலையில் கொண்டுபோய் நட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். வெள்ளைக்கு ஒரு பங்காளி உண்டு, ‘சிவப்பு’. முன்பக்கத்துப் புல்வெளியில், எங்கள் கதவிலிருந்து நாற்பது எட்டு வைத்தால், மரமாகவே நிற்கிறது. ஜோடி ஜோடியாக அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தேனீக்கு ‘அனுமதி இல்லை’ என்கிற பலகையைப் படிக்கத் தெரியாது. சிவப்பின் மகரந்தப் பொடியைக் காலில் ஒட்டிக்கொண்டு நேரே வெள்ளைக்கு வந்துவிடும். சிவப்பை வெட்டிவிடலாமா என்று டாக்டரம்மா மூன்று கடிதம் எழுதினார். பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்று மூன்றுக்கும் ஒரே பதில்.

ஆகவே முதல் நாள் சாயங்காலமே மொட்டுக்குப் பை கட்டிவிடுவோம். காலையில் பூ விரிந்ததும் பையைக் கழற்றி, இன்னொரு வெள்ளைச் செடியின் பொடியைப் பிரஷ்ஷால் தொட்டு வைத்து, உடனே பையைக் கட்டிவிட வேண்டும். சாயங்காலம் இதழ் கொட்டிவிடும். எந்தச் செடி, எந்தக் கிளை, எத்தனை பூ, திரும்பக் கட்டியதா என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். அந்த வேலை எனக்கு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் பொடி கொண்டுபோகிறேனாம், அதனால் மேஸ்திரி எனக்கு ‘தரகர்’ என்று பெயர் வைத்தார்.

“தரகரே, இன்னிக்கு எத்தனை கல்யாணம்?”

“நூறு. உங்களுக்கும் ஒன்னு பாக்கவா?”

“ஒன்னே போதும்மா, அதையே தாங்க முடியல.”

இந்த மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஆறாம் செடி, மூன்றாம் கிளை. பதினோரு பூ. பதினொன்றுக்கும் பையைக் கழற்றிப் பொடி வைத்து முடித்தேன். பை எல்லாம் மடியில் இருக்கிறது. போன் அடித்தது, மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து. மருமகன். “அத்தை, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரத்தம் நிக்கலன்னு சொல்றாங்க. வாங்க.” ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பேரனைக் கையில் வாங்கி, மகளுக்கும் ஆபத்தில்லை என்று நர்ஸ் சொன்ன பிறகுதான், கைக்குட்டை எடுக்க மடியில் கை விட்டேன். பதினோரு பை கையில் வந்தது.

மறுநாள் யாரும் வருமுன்னே போய்விட்டேன். இதழ் கொட்டிக் கிடந்தது. பிஞ்சு பச்சையாக, ஒன்றும் அறியாத மாதிரி நின்றது. பதினொன்றுக்கும் பை கட்டினேன். ரெஜிஸ்டரில் ‘திரும்பக் கட்டியது’ என்று எழுதினேன். பேனா ஒன்றும் தடுமாறவில்லை. ஒரு பகல்தானே, தேனீ வந்திருக்கவா போகிறது என்று நினைத்தேன். வந்திருக்கும் என்றும் தெரியும்.

பேரனைப் பார்க்க என் வீட்டுக்காரர் பக்கத்து ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. மருமகன் வேற ஆளுங்க. மகளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டது. என் நாத்தனார் மட்டும் போன் போட்டு, “கலப்புக்குப் பொறந்ததை வந்து பாக்கணுமா அண்ணி?” என்று கேட்டாள். நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து கலப்பு என்கிற சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சொல்லைத்தான் டாக்டரம்மா நாளைக்கு நாலு தடவை சொல்வார். “கலப்பு இருக்கக் கூடாதுக்கா, கலப்பு வந்தா எல்லாம் வீண்.” நான் தலையை ஆட்டிவிட்டு மனசுக்குள், போங்கடி, கலந்தால் என்ன குடியா முழுகிப்போகும் என்று சொல்லிக்கொள்வேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கோபம் எனக்கு வசதியாக இருந்தது. பயத்தை மூடிக்கொள்ள அது ஒரு நல்ல போர்வை.

காய் முற்ற நாலு மாசம். விதை போட்டு, முளைத்து, தட்டிலிருந்து பைக்கு மாற்றினோம். மற்ற பூக்களில் பெரும்பாலும் காய் பிடிக்கவில்லை; மூன்றாம் கிளையிலிருந்து மட்டும் முப்பத்துநாலு கன்று. மற்ற கன்றுகளைவிட ஒரு விரல்கடை கூடுதலாக, தளதளவென்று வந்தன.

“உன் ஆறாம் நம்பர் என்னா புஷ்டி பாரு” என்றார் மேஸ்திரி. “உன் பேரன் மாதிரி.”

தண்ணீர் ஊற்றும்போது இலையைத் திருப்பிப் பார்ப்பேன். காம்பின் அடியில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. எல்லாவற்றிலும் இல்லை, நிறையவற்றில். சிவப்பு மரத்தின் இலையிலும் அதே கோடு. டாக்டரம்மாவும் ஒரு நாள் பார்த்தார். பார்த்துவிட்டு ரெஜிஸ்டரை எடுத்தார். திரும்பக் கட்டியது என்று இருக்கிறது. “வெயில்பட்ட நிறமா இருக்கும்” என்று மூடி வைத்துவிட்டார். என் கையெழுத்தை அவ்வளவு நம்பினார்.

பேரனுக்கு இருபத்திரண்டு மாசம் ஆனபோது மலைக்குப் போகிற நாள் குறித்தார்கள். மொத்தம் அறுபது கன்று. மலையில் காவல் இருக்கிற பெரியவர் கடப்பாரையால் பாறை இடுக்கில் அறுபது குழி போட்டு வைத்திருந்தார். அதே வாரம்தான் தினக்கூலி ஆட்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் போகிறது. பதினாலு வருஷம் கழித்து என் பெயர் அதில் இரண்டாவதாக இருந்தது. மேஸ்திரியே காட்டினார்.

முதல் நாள் சாயங்காலம் கன்றுக்கு நம்பர் தகடு கட்டிக்கொண்டிருந்தோம், நானும் டாக்டரம்மாவும். நானாக வாயைக் கொடுத்தேன்.

“ஏம்மா, கலப்பு கலப்புன்னு சொல்றீங்களே. கலந்தா என்ன தப்பு? என் பேரனும் கலப்புதான். தங்கமாட்டம் இருக்கான்.”

அவர் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தார். “அக்கா, யாராவது எதாவது சொன்னாங்களா?”

“சொல்றவங்க சொல்லட்டும். நான் செடியைக் கேக்கறேன்.”

“மனுஷனுக்கு ஒரு தப்பும் இல்லக்கா. மனுஷன் எண்ணூறு கோடி. யாரு யாரைக் கட்டினாலும் மனுஷன்தான் பொறப்பான், மனுஷன் தீந்துபோக மாட்டான். இது நாப்பத்தொன்னு. நாம கொண்டுபோறது அறுபது. அந்த அறுபதுல பாதி சிவப்போட புள்ளைங்கன்னு வைங்க. அதுங்க பூத்து அங்க இருக்கற கிழடுங்களுக்குப் பொடி போடும். அடுத்து மொளைக்கறதெல்லாம் சிவப்புக்குப் பேரன், கொள்ளுப் பேரன். கொஞ்ச காலத்துல வெள்ளைன்னு ஒன்னு இருக்காது. கல்லு உடைக்கிறவன் செய்யாததை நாம தண்ணி ஊத்தி செஞ்சிருப்போம்.”

சொல்லிவிட்டுக் கம்பியை எடுத்து வேலையைப் பார்த்தார். என் நாத்தனாரும் இவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். சொல்கிற விஷயம் வேறு. இருபத்திரண்டு மாசமாக எனக்கு அது தெரியாமல் இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் லாரி வந்தது. அறுபதில் ஐம்பது கன்று ஏற்றியாயிற்று. ஆறாம் நம்பர்த் தட்டுகள் முன்னால் வரிசையாக நின்றன, ஆட்டம் இல்லாத இடத்தில், நல்ல கன்று என்று. என் கையில் கடைசித் தட்டு. ஏற்றவில்லை. கீழே வைத்தேன்.

“டாக்டரம்மா, ஆறாம் நம்பரை இறக்கச் சொல்லுங்க.”

“ஏன்கா, பூச்சியா?”

“பூச்சியில்ல. அது என் பேரன் பொறந்த அன்னிக்குப் பொடி வெச்ச பூ. பையைக் கழட்டினேன், போன் வந்திச்சு, ஓடிட்டேன். பகல் முழுக்கத் தொறந்து கெடந்துச்சு. அடுத்த நாள் வந்து கட்டினேன். கட்டினதா எழுதினது பொய்.”

மேஸ்திரி என்னைத் தாண்டி லாரியைப் பார்த்தபடி, “ஒளறாத. வெயில் ஏறிருச்சு அவளுக்கு” என்றார். பிறகு என் காதருகே வந்து, “நாளன்னிக்கு லிஸ்ட் போகுது. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா உனக்கு?” என்று பல்லைக் கடித்தார். என் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொன்னார்.

டாக்டரம்மா ரெஜிஸ்டரை வரவழைத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“ஏன்கா அன்னிக்கே சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“கிளையில இருக்கற காயைக் கிள்ளிப் போட்டுட்டு, அடுத்த நாள் பூவைக் கட்டியிருப்போம். அவ்வளவுதான்.”

“திட்டியிருக்க மாட்டீங்களா?”

“திட்டியிருப்பேன். அரை மணி நேரம்.”

அரை மணி நேரத் திட்டுக்குப் பயந்து இருபத்திரண்டு மாசம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

முப்பத்துநாலு கன்றையும் இறக்கினோம். இருபத்தாறு மட்டும் மலைக்குப் போனது. இறக்கினவற்றிலிருந்து ஒவ்வொரு இலை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதினெட்டு நாள் கழித்துத் தாள் வந்தது. பதிமூன்று வெள்ளை. இருபத்தொன்று கலப்பு.

நிரந்தரப் பட்டியல் என் பெயர் இல்லாமல் போயிற்று. பொய்க் கணக்கு எழுதினது என்று மேஸ்திரிதான் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “வேலையை விட்டு நிறுத்தச் சொன்னாங்க. டாக்டரம்மா விடல. இந்த முடிச்சு வேற யாருக்கும் வராதுன்னு சண்டை போட்டாங்க” என்றார். தரகர் என்று கூப்பிடவில்லை.

இருபத்தொன்றையும் பிடுங்குகிற வேலையை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வேர் நன்றாகப் பிடித்திருந்தது. இழுத்தால் மண்ணோடு வந்தது. நல்ல செடி. அதன்மேல் ஒரு குற்றமும் கிடையாது. கடைசி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோறேம்மா. தொட்டியில வெச்சுக்கறேன். பேரன் வயசு” என்று கேட்டுப் பார்த்தேன்.

“உங்க வீட்டுக்குத் தேனீ வராதாக்கா?” என்றார் டாக்டரம்மா.

அதையும் போட்டேன். எல்லாவற்றையும் நெருப்பில் போட்டோம். பச்சைச் செடி லேசில் எரியாது; புகைந்துகொண்டே இருந்தது.

பதிமூன்று கன்றை ஏற்றிக்கொண்டு மலைக்கு நானும் போனேன். பெரியவர் ஒவ்வொரு குழியாகக் கூட்டிப்போய்க் காட்டினார். குழி ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்தான், ஆனால் பாறையில் போட்டது. உள்ளங்கையைக் காட்டினார், காப்புக் காய்த்து உரிந்திருந்தது. நட்டு முடித்தோம். அவர் மிச்சக் குழிகளை விரல் விட்டு எண்ணினார்.

“இந்த இருபத்தொன்னுக்கு?”

“வரும் ஐயா.”

“எப்ப?”

“இப்ப மொட்டு விட்டிருக்கு. கட்டி, காய் வாங்கி, வளத்துக் கொண்டாரணும். ரெண்டு வருஷம் ஆகும்.”

“ஏன், இருந்ததை என்ன பண்ணினீங்க?”

“நான் கெடுத்துட்டேன்.”

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு குழியில் விழுந்திருந்த சருகைக் குனிந்து எடுத்து வெளியே போட்டார். “மண்ணு மூடாம நான் பாத்துக்கறேன். கொண்டா” என்றார்.

இந்தப் பருவத்தில் மூன்றாம் கிளையில் ஒன்பது பூ கட்டியிருக்கிறேன். தோள் முன்னைவிட மோசம். போனை ஏணிக்குக் கீழே வைத்துவிட்டு ஏறுகிறேன். பூங்காவுக்கு நான் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. பதினாலு வருஷம் உழைத்துக் கொடுத்தாயிற்று. அந்த மலைக்கு மட்டும் இருபத்தொரு வெள்ளைக் கன்று பாக்கி.